பிள்ளைக் காம்பிராவும் ஏல விலையும்: மலையகத் தோட்டங்களில் கம்பனிகளின் சமூகப் பொறுப்பு

இந்தியாவின் 2013ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு, பெரிய நிறுவனங்கள் தமது சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடப் பணிக்கிறது. தம் ஊழியருக்கும் அவர்தம் குடும்பத்துக்கும் மட்டும் பயன்படும் செலவு அக்கணக்கில் சேராது. இலங்கையில் இத்தகைய கட்டாயமே இல்லை. இருந்தாலும் அந்த அளவுகோலை மலையகத்தின் நல்லதண்ணியில் வைத்துப் பார்த்தால் அது உடனே தடுமாறும். மஸ்கெலியாவிலிருந்து சிவனொளிபாத மலையடிவாரம்வரை உள்ள லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், ஊழியர் யார், சமூகம் யார் என்று எப்படிப் பிரிப்பது? கொழுந்தெடுக்கும் தாயும், கொழும்புக் கடையில் வேலைக்குப் போன மகனும், தோட்டப் பதிவிலிருந்து பேர் வெட்டப்பட்ட பாட்டியும் ஒரே காம்பிராக் குடும்பம்.

கம்பனிக்கும் தொழிலாளிக்கும் நன்மை என்பது இங்கே எப்படி நடக்கிறது என்று அறிய, தோட்டத்தின் குழந்தை பராமரிப்பு நிலையமான பிள்ளைக் காம்பிராவைப் பார்த்தால் போதும். பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பதற்கு) முன் தாய் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு மலைக்குப் போகிறாள். பயிற்சி பெற்ற பராமரிப்பாளர், சுத்தமான தண்ணீர், சத்துள்ள மதிய உணவு இருந்தால் அவள் கை நிம்மதியாகக் கொழுந்தில் ஓடும். இல்லாவிட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் நாளெல்லாம் அவளுக்குப் பேர் (அன்றைய வேலைநாள் கணக்கு) இல்லை. தோட்டத்துக்கும் அது இழப்பே. ஒரு தேயிலை மலையில் ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறை கொழுந்தெடுக்க வேண்டும். ஆள் குறைந்து சுற்று தள்ளிப்போனால் இலை முற்றும், தூளின் தரம் கெடும், கொழும்பு ஏலத்தில் விலை இறங்கும்.

ஆகவே பிள்ளைக் காம்பிராவுக்கான செலவை உற்பத்திச் செலவாகவே கொள்ள வேண்டும் என்பது என் வாதம். சட்டமும் நலச்செலவைக் கொடையாகக் கொள்ளவில்லை: 1912இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும் 1939இன் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் தொழிலாளர் நலனைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கின. 1970களில் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் தனியார் முகாமைக்குப் போயின. அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் அக்காலத்தில் தோன்றியதே. அதன் பிறகு பழைய கடமையும் புதிய கொடையும் ஆண்டறிக்கைகளில் ஒரே தலைப்பின் கீழ் கலந்துவிட்டன. இது தொழிலாளிக்குச் செய்யும் அநீதி. சட்டப்படி அவளுக்குரியது தயவாகக் காட்டப்படுகிறது.

கம்பனி பெறும் ஆதாயத்தை நான் குறை சொல்லவில்லை. ரெயின்ஃபொரஸ்ட் எலயன்ஸ் போன்ற சான்றிதழ்களை வெளிநாட்டுக் கொள்வனவாளர் கேட்கிறார்கள். நலத்திட்டம் சந்தையைத் திறந்துவிடுகிறது. அந்த ஆதாயம்தான் திட்டத்தை நீடிக்கவும் வைக்கும். ஆனால் சம்பளத்தின் இடத்தை நலத்திட்டத்தால் நிரப்ப முடியாது. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தபோது, கம்பனிகள் அதை எதிர்த்து மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றன. அதே ஆண்டில் எத்தனை பிள்ளைக் காம்பிராக்களுக்கு வர்ணம் பூசினாலும், தோட்டத்தை விட்டுப் போகும் இளைஞரை அது நிறுத்தியிராது. ஆள் பற்றாக்குறையோ கம்பனிகளே தமது பெருந்துயரமாகச் சொல்வது.

ஆண்டறிக்கையில் சட்டக் கடமை, நிதியத்தோடு கூட்டாகச் செய்வது, கம்பனி தானாக முன்வந்து செய்வது ஆகிய மூன்றும் தனித்தனி நிரலில் வரட்டும். பிள்ளைக் காம்பிராக் கணக்கை அங்கே பிள்ளை விடும் தாய்மார் பார்த்து ஒப்பமிட்ட பிறகே அது அச்சேற வேண்டும்.