பொஸ்பரஸ் கரையில் அகதிப் பேராசிரியர்கள்: சில குறிப்புகளும் ஒரு கேள்வியும்

சில காலத்துக்கு முன் இங்கு சூரிச்சில் நடந்த சந்திப்பொன்றில் நண்பர் ஒருவர் கோபத்தோடு சொன்னார்: “ஹிட்லரிட்டையிருந்து ஓடினவை போன இடமெல்லாம் பல்கலைக்கழகம் கட்டினவை. நாங்கள் கோயில்தான் கட்டினம்.” சபை சிரித்தது. நானும் சிரித்தேன். பேராதனையில் இரசாயனவியல் படித்துக்கொண்டிருந்து, 1983க்குப் பின் அதை இடையில் விட்டு வந்து, இருபது வருடங்களுக்கு மேலாக உணவகச் சமையலறைகளில் கோப்பை கழுவியவன் என்ற வகையில் அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சம் கசந்தது. அவர்கள் உண்மையில் என்ன கட்டினார்கள், யாருடைய மண்ணில், யாருடைய செலவில் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது. இக்கட்டுரை அதைத் தேடி வாசித்ததன் விளைவு.

கதை தொடங்குவதும் இதே சூரிச்சில்தான். 1933 ஏப்ரல் 7ஆம் திகதி நாஸி அரசு கொண்டுவந்த அரச சேவைச் சட்டம் யூதர்களையும் அரசியல் எதிராளிகளையும் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றியது. பிராங்பேர்ட்டில் நோயியல் பேராசிரியராயிருந்த பிலிப் ஷ்வார்ட்ஸ் சட்டம் வருமுன்பே, மார்ச் மாதத்தில், சூரிச்சுக்குத் தப்பி வந்துவிட்டார். வேலையிழந்த அறிஞர்களுக்கு வெளிநாடுகளில் இடம் தேடிக் கொடுக்கும் சங்கமொன்றை அவர் இங்கே அமைத்தார்.

அதே வேளையில் துருக்கிக் குடியரசு இஸ்தான்புல்லின் பழைய உயர்கல்வி நிலையமான தாருல்ஃபுனூனைக் கலைத்துப் புதிய பல்கலைக்கழகமொன்றை நிறுவ முனைந்திருந்தது. அதற்கான ஆலோசனை அறிக்கையை 1932இல் எழுதியவர் ஜெனீவாப் பேராசிரியர் அல்பேர்ட் மால்ஷ். அவர் மூலமாக ஷ்வார்ட்ஸுக்கு அழைப்பு வந்தது. 1933 யூலை தொடக்கத்தில் அங்காராவில் கல்வி அமைச்சர் ரெஷித் காலிப்போடு பல மணி நேரம் நீடித்த ஒரேயொரு கூட்டத்தில் முப்பதளவிலான பேராசிரியர் பதவிகளுக்கு ஆட்கள் முடிவாயினர். ஓகஸ்ட் 1ஆம் திகதி இஸ்தான்புல் பல்கலைக்கழகம் பிறந்தது.

அங்கு சென்றவர்களின் பட்டியல் எவரையும் மலைக்க வைக்கும். சத்திரசிகிச்சையில் றுடோல்ஃப் நிஸ்ஸென், இரசாயனவியலில் ஃபிரிட்ஸ் ஆர்ண்ட், கணிதத்தில் றிச்சார்ட் ஃபொன் மீசெஸ், மெய்யியலில் ஹான்ஸ் றைஹன்பாஹ், மொழியியலில் லியோ ஸ்பிட்சர், அவருக்குப் பின் எரிக் அவர்பாஹ். விஞ்ஞானமும் வைத்தியமும் மானிடவியற் கலைகளும் ஒரே கூரையின் கீழ் புலம்பெயர்ந்தன. நண்பர் மனதில் வைத்திருந்த சித்திரம் இதுதான். அது பொய்யல்ல. ஆனால் முழுமையுமல்ல.

முதலாவதாக, இவர்கள் எதையும் தாமாகக் கட்டவில்லை. ஓர் அரசு தன் தேவைக்காக அவர்களை அழைத்துப் பதவியும் சம்பளமும் கொடுத்தது. அவர்கள் பேராசிரியர்களாக வந்திறங்கினார்கள். எங்களில் எவரிடமும் எல்லையில் வைத்து ‘நீ என்ன படித்தாய்?’ என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாவதாக, அவர்களுக்கு இடம் கிடைத்தது வேறு சிலர் இடம் இழந்ததால். தாருல்ஃபுனூனின் ஆசிரியர்களில் பாதிக்கு மேற்பட்டோர், ஏறத்தாழ 150 பேர், அந்தக் கோடையில் வேலையிழந்தனர். அவர்களில் திறமையற்றோரும் இருந்திருக்கலாம்; ஆட்சியாளருக்குப் பிடிக்காதோரும் இருந்தனர். ஜேர்மனியில் துரத்தப்பட்டவர்கள் அமர்ந்தது துருக்கியில் துரத்தப்பட்டவர்களின் நாற்காலிகளில் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மூன்றாவதாக, அந்தக் கதவு எல்லோருக்குமாகத் திறக்கவில்லை. கணிதவியலாளர் ஹில்டா கைரிங்கர் 1939இல் இஸ்தான்புல்லை விட்டு வெளியேறி, அமெரிக்க விசாவுக்காக மகளுடன் லிஸ்பனில் காத்திருக்க நேர்ந்தது. 1941 டிசம்பரில் ருமேனியாவிலிருந்து 700க்கு மேற்பட்ட யூத அகதிகளை ஏற்றிய ஸ்ட்ரூமா என்ற பழைய கப்பல் இயந்திரம் பழுதாகி இஸ்தான்புல் துறைமுகத்தில் நின்றது. பலஸ்தீனம் செல்ல பிரித்தானியா அனுமதிக்கவில்லை. கரையிறங்க துருக்கி அனுமதிக்கவில்லை. பத்து வாரங்களின் பின் கப்பல் கருங்கடலுக்கு இழுத்துச் செல்லப்பட்டது. 1942 பெப்ரவரி 24ஆம் திகதி சோவியத் நீர்மூழ்கியொன்று அதை மூழ்கடித்தது. உயிர் தப்பியவர் ஒருவர் மட்டுமே. அதே நகரில், அதே வருடம் மே மாதம், அவர்பாஹ் தன் ‘மிமேசிஸ்’ நூலை எழுதத் தொடங்கினார். அவரைக் குற்றஞ்சாட்ட இதை நான் சொல்லவில்லை. ஆனால் எங்களை ஒப்பிடுவதென்றால் எவரோடு ஒப்பிடுவது? எங்களில் பெரும்பாலானோர் ஸ்ட்ரூமாவின் பயணிகள். கரையிறங்கிவிட்டோம் என்பதே வித்தியாசம்.

இனி, எனக்கு முக்கியமாகப் படுகின்ற விடயத்துக்கு வருகிறேன். அந்தப் பேராசிரியர்களின் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: சில வருடங்களுக்குள் துருக்கி மொழி கற்று அதிலேயே விரிவுரை செய்ய வேண்டும், துருக்கி மொழியில் பாடநூல்கள் வரவேண்டும். பலர் கடைசிவரை மொழிபெயர்ப்பாளரோடுதான் வகுப்புக்குப் போனார்கள். ஆர்ண்ட் துருக்கியில் இரசாயனப் பாடநூல்கள் எழுதினார். சட்டப் பேராசிரியர் ஏர்ன்ஸ்ட் ஹிர்ஷ் அம்மொழியில் தேர்ந்து, துருக்கிப் பிரசையாகி, 1956இல் நிறைவேறிய வர்த்தகச் சட்டத்தையும் வரைந்தார். ஸ்பிட்சரிடம் படித்த அஸ்ரா எர்ஹாத் பின்னர் ஹோமரைத் துருக்கிக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். அவர்பாஹின் பெருநூலோ ஜேர்மன் மொழியில் எழுதப்பட்டு 1946இல் பேர்ண் நகரில் வெளியானது. உலகம் அதைக் கொண்டாடியது. அந்த நாட்டு மாணவனுக்குக் கையில் கிடைத்ததோ ஆர்ண்டின் பாடநூல்.

ஆய்வு எந்த மொழியில் எழுதப்படுகிறதோ அந்த மொழியில்தான் வேர்விடுகிறது. இன்று புலம்பெயர்ந்த தமிழரைப் பற்றி ஜேர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, நோர்வேஜிய மொழிகளில் ஆய்வேடுகள் வருகின்றன. அவற்றிற் சிலவற்றை எழுதுவோர் எங்கள் பிள்ளைகளே. ஆனால் குசினி மேசையிலிருந்து மணிக்கணக்காகத் தன் கதையைச் சொன்ன அம்மா தன்னைப் பற்றி என்ன எழுதப்பட்டது என்பதை வாசிக்க முடியாது. மறுத்துப் பேசவும் முடியாது. இது அந்தப் பிள்ளைகளின் குறை மட்டுமல்ல. அவர்களிடம் யாரும் தமிழில் கேட்கவில்லை.

ஷ்வார்ட்ஸின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். போருக்குப் பின் பிராங்பேர்ட் அவரைத் திரும்ப ஏற்கவில்லை. 1977இல் அமெரிக்காவில் இறந்தார். 2016இல் துருக்கியில் சமாதான மனுவில் கையெழுத்திட்ட கல்விமான்கள் வேலை நீக்கப்பட்டபோது, அவர்களிற் சிலருக்கு ஜேர்மனியில் இடம் கொடுத்தது அவர் பெயரில் அமைந்த உதவித் திட்டம். பாதை திரும்பிவிட்டது. நாற்காலிகள் எந்த நாட்டிலும் நிரந்தரமல்ல.

ஆகவே நண்பருக்கு என் பதில் இதுதான்: பல்கலைக்கழகம் கட்டவில்லையென்று எங்களை நொந்துகொள்ள வேண்டியதில்லை. கேட்க வேண்டியது சிறியது. ஆய்வு செய்யும் எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தமது முடிவுகளைப் பத்துப் பக்கத் தமிழில் எழுதித் தரட்டும். தமிழ் தடுமாறினால் எங்களைப் போன்ற ஓய்வுபெற்ற கோப்பை கழுவிகள் கூட இருந்து எழுதுவோம். இது முடியாத காரியமென்று நினைப்போர் ஏனென்று அடுத்த இதழில் எழுதட்டும்.