எக்செல்லில் மங்கும் வரைபுகள்: தோட்டக் கணக்கை எண் தெரிய அனுப்புவது எப்படி?

பெருந்தோட்டத் தொழிலாளரின் ஆகக்குறைந்த நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும் 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. இடையிலுள்ள 350 ரூபா, 25 நாள் வேலைக்கு 8750 ரூபா. பதுளை, பசறை, அப்புத்தளைப் பக்கத் தோட்டங்களில் இந்தத் தொகை முழுதாகக் கைக்கு வருவதைத் தீர்மானிப்பவை பறித்த கொழுந்தின் கிலோவும், அன்று விழுந்தது முழுப்பேரா அரைப்பேரா என்பதும்தான்.

இந்தக் கணக்குகளை வரைபாக்கி எக்செல் கோப்பில் சேர்த்து அனுப்பும் வேலையை நானும் செய்து வருகிறேன். கோப்பைத் திறப்பவருக்கு 18 என்பது 13 போலத் தெரிந்தால், பேச்சுவார்த்தை மேசையில் அந்த வரைபு பயன்படாது. மங்கலுக்கான காரணங்கள் சிலவே. எல்லாவற்றையும் சரிசெய்யலாம்.

வரைபு ஏன் மங்குகிறது?

படமாக ஏற்றுமதியாகும் வரைபு, பிக்சல் எனப்படும் சிறு புள்ளிகளால் ஆனது. 6 அங்குல அகல வரைபை அங்குலத்துக்கு 96 புள்ளி வீதம் சேமித்தால் அகலத்தில் 576 புள்ளிகள்தான் இருக்கும். திரையில் அது போதும். அச்சிட்டால் எழுத்து கலங்கும். 300 வீதம் சேமித்தால் 1800 புள்ளிகள் கிடைக்கும். சிறிய படத்தை எக்செல்லில் இழுத்துப் பெரிதாக்கினால் புள்ளிகள் கூடுவதில்லை, பெருத்துத் தெரிகின்றன, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியவை

1. முடிந்தவரை படத்தை அனுப்பாதீர்கள், தரவை அனுப்புங்கள். எண்களை அட்டவணையாக ஏற்றுமதி செய்து, வரைபை எக்செல்லுக்குள்ளேயே வரையுங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் அது மங்காது. பெறுபவர் எண்களைத் தானே சரிபார்க்கவும் முடியும். நான் முதலில் நாடுவது இந்த வழியைத்தான்.

2. படமாகத்தான் அனுப்ப வேண்டுமென்றால் ஜேபெக் வேண்டாம். அது எழுத்துகளின் ஓரத்தைக் கரைத்துவிடும். பிஎன்ஜி வடிவில் 300 புள்ளி வீதம் சேமியுங்கள். புதிய எக்செல் பதிப்புகள் எஸ்விஜி படத்தையும் ஏற்கும். அது புள்ளிகளால் அன்றிக் கோடுகளால் ஆனது என்பதால் பெரிதாக்கினாலும் தெளிவு குறையாது.

3. எக்செல்லின் பல பதிப்புகள் கோப்பைச் சேமிக்கும்போது படத்தைத் தாமாகவே சுருக்கிவிடும். பைல், ஒப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் எனச் சென்று ‘இமேஜ் சைஸ் அண்ட் குவாலிட்டி’ பகுதியில் ‘டூ நொட் கொம்ப்ரஸ் இமேஜஸ் இன் பைல்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். படத்தைச் சேர்க்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். சுருங்கிய படத்தை இது மீட்டுத் தராது. ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாகத் தெரிவு செய்வதும் அவசியம்.

4. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும். ‘டொகியுமென்ட்’ ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும்.

தமிழ் எழுத்தும் நகல் பிரதியும்

பாமினி எழுத்துருவில் தட்டச்சான தலைப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எவ்வளவு கூரான படமானாலும் இதற்கு மருந்தாகாது. வரைபின் பெயர்களை யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள்.

அறிவித்தல் பலகைக்குப் போகும் பிரதி பெரும்பாலும் கறுப்பு வெள்ளை நகல்தான். சிவப்பும் பச்சையும் அதில் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு சலாகையின் மேலும் அதற்குரிய எண்ணை எழுதுங்கள்.

அனுப்புமுன் ஒரு பக்கத்தை அச்சிட்டு, கண்ணாடி அணியும் ஒருவரிடம் கொடுத்து, மிகச் சிறிய எண்ணை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் அந்த வரைபு இன்னும் அனுப்பத் தயாராகவில்லை.