பரங்கிக்காய் (தஞ்சை வட்டாரம்)

பரங்கிக்காய் வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்த படர்கொடி. காவிரிப் படுகையின் வீட்டுக் கொல்லைகளில் விதை ஊன்றி வளர்க்கப்படும் காய்களில் தலையாயது. கொங்கு நாட்டில் அரசாணிக்காய் என்பர். மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி என்ற பெயர்களும் உண்டு.

இதன் பேரினமான குக்குர்பிட்டா முழுவதும் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. மெக்சிகோவின் வாகாக்கா மாநிலத்தில், கிலா நாக்கிட்ஸ் குகையில் கிடைத்த பெப்போ இன விதைகள் ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமையானவை. மக்காச்சோளம் அங்கே பயிராவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மனிதர் இதை விதைத்துவிட்டனர். லின்னேயஸ் 1753-இல் பெயரிட்ட இந்தப் பெப்போ இனத்தைச் சேர்ந்தவையே, படராமல் புதராக நின்று காய்க்கும் மஞ்சள் கோடைப் பூசணியும் சுக்கினியும். தஞ்சைக் கொல்லையில் வேர் பிடித்தது மொஸ்காட்டா இனம். காம்பைப் பார்த்தே பிரித்தறியலாம்: ஐந்து பட்டைகளுடன், காயைத் தொடும் இடத்தில் விரிந்திருந்தால் மொஸ்காட்டா, உருண்டு, தக்கைபோல் இருந்தால் மாக்சிமா என்ற மற்றோர் இனம். திருஷ்டி கழிக்க உடைக்கும் சாம்பல் பூசணி வேறு பேரினம், ஆசியாவுக்கு உரியது. பழைய தமிழ் நூல்கள் சொல்லும் பூசணி அதுவே.

போர்த்துக்கீசியர் வழியாகப் பரங்கி இந்தியக் கரைக்கு வந்தது. 16-ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்தில் குடியமர்ந்த அவர்கள், 1658-இல் அவ்வூரை டச்சுக்காரரிடம் இழந்தனர். கொடியோ கரையோடு நிற்காமல் நெல்நாட்டின் உட்பகுதி முழுவதும் பரவியது.

ஆடிப்பட்டமும் மார்கழி, தை மாதங்களும் விதைப்புக் காலம். படுகையின் களிமண்ணில் ஐப்பசி அடைமழை தேங்கினால் வேர் அழுகும். அதனால் எருக்குழி ஓரத்து மேடே இதற்கு ஏற்ற இடம். ஓரடி ஆழக் குழியில் மக்கிய எருவிட்டு நாலைந்து விதை ஊன்றி, இரண்டு வாரம் கழித்துத் திடமான இரண்டை மட்டும் விடவேண்டும். குழிகளுக்கு இடையே இரண்டு மீட்டர் தேவை. கொடியை வைக்கோல் போர் மீதோ கூரை மீதோ ஏற்றிவிடுவர். முதலில் ஆண் பூக்களே வரும். அடியில் பிஞ்சோடு வருவது பெண் பூ. தேனீ குறைந்த இடத்தில் காலையிலேயே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவினால் பிஞ்சு உதிராது. பழ ஈ கொத்திய பிஞ்சுகளைப் பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும். வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகத்துக்குப் பயிர்க்காலம் 175 நாள், கோ 2-க்கு 135 நாள்.

ஆடியில் ஊன்றிய கொடியின் பூக்களே மார்கழிக் கோலத்தில் சாண உருண்டை மேல் ஏறுகின்றன. ஆண் பூக்களை அளவோடு பறிப்பதால் காய்ப்புக் குறைவதில்லை. கோசும் காரட்டும் ‘இங்கிலீஷ் காய்’ என்று விலக்கப்படும் பல வீடுகளில், திருவாதிரைக் கூட்டிலும் பொங்கல் கூட்டிலும் பரங்கி நாட்டுக்காயாகவே சேர்கிறது. இவ்வளவு முழுமையாகத் தமிழ் மண்ணுக்கு உரிமையான அயல்பயிர் அரிது. பிஞ்சில் பால் கூட்டு, முற்றியதில் புளிக்குழம்பு. காம்போடு அறுத்த முற்றிய காய் பரணில் மாதக்கணக்கில் கெடாது.

தற்போது சிறுகாய் தரும் வீரிய ஒட்டு விதைகளும் கடைகளில் கிடைக்கின்றன.