ஒரே காய்ச்சல், வேறு வேறு சாவு

நோய் எழுதிய வரலாறு – 17

பம்பாய் நகர இறப்புக் கணக்கில் 1918 அக்டோபர் 6-ம் தேதிக்கு நேராக உள்ள எண் 768. ஒரே நகரத்தில், ஒரே நாளில் பதிவான சாவுகள் அவை. துறைமுகத்தில் காவலுக்கு நின்ற போலீஸ் சிப்பாய்கள் 7 பேர் ஜூன் மாதம் இன்ஃப்ளூயன்சா காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போனதையும், நகரமே சில வாரங்கள் படுத்து எழுந்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். ஜூலை முடிவதற்குள் காய்ச்சல் தணிந்துவிட்டது. வந்த வழியே போய்விட்டது என்று ஊர் நிம்மதி அடைந்தது. செப்டம்பரில் அது திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தது.

இந்த முறை காய்ச்சல் தலைவலி, உடல்வலியோடு நிற்கவில்லை. ஓரிரு நாளில் நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியாவாக மாறியது. மூச்சுக்குத் தவித்து, உதடும் முகமும் நீலம் பாரித்துச் செத்தார்கள். ரயில் போன ஊருக்கெல்லாம் காய்ச்சலும் போனது. பம்பாயிலிருந்து வடக்கும் கிழக்கும் பரவி, சில மாதங்களில் இந்தியா முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. மேற்கிலும் மத்திய மாகாணங்களிலும் அடி பலமாக விழுந்தது. தெற்கும் கிழக்கும் ஓரளவு குறைவாகப் பாதிக்கப்பட்டன.

செத்தவர்கள் எத்தனை பேர்? இந்திய அரசின் சுகாதார ஆணையர் நார்மன் ஒயிட் முதலில் போட்ட கணக்கு 60 லட்சம். பிற்கால மக்கள்தொகை ஆய்வாளர்கள் அதை 1.2 கோடியிலிருந்து 1.8 கோடி வரை கொண்டு போனார்கள். 1896-ல் பம்பாயில் கால் வைத்த பிளேக் 20 ஆண்டுகளில் பறித்த உயிர்களைவிட அதிகமான உயிர்களை இந்தக் காய்ச்சல் சில மாதங்களில் பறித்திருக்கக்கூடும். இன்றைய இந்திய எல்லைக்குள் 1911-ல் 25.21 கோடியாக இருந்த மக்கள்தொகை, 1921-ல் 25.13 கோடியாகக் குறைந்தது. 20-ம் நூற்றாண்டில் இந்தியாவின் தலைக்கணக்கு இறங்கிய ஒரே பத்தாண்டு அதுதான்.

எண்கள் பெரிதாகப் பெரிதாக ஒரு பிழையான எண்ணம் நமக்குள் வந்துவிடுகிறது. கொள்ளைநோய்க்கு ஏழை, பணக்காரன் என்ற பேதம் கிடையாது, எல்லோரையும் ஒன்றுபோல வாரிக்கொண்டு போகும் என்று பேசத் தொடங்குகிறோம். அந்தப் பேச்சைப் பம்பாயின் பதிவேடே பொய்யாக்குகிறது.

பதிவேடு சொன்ன பங்கு

பம்பாயின் சுகாதார அதிகாரி ஜே.ஏ.டர்னர். அவருடைய அலுவலகம் இறந்தவர்களைச் சமூக வாரியாகவும் பிரித்து எழுதி வைத்தது. ஐரோப்பியர்களில் ஆயிரத்துக்கு 8.3 பேர் இறந்தார்கள். பார்சிகளில் 9 பேர். பிற சாதி இந்துக்களில் 18.9, முஸ்லிம்களில் 19.2. பதிவேடு 'தாழ்ந்த சாதி இந்துக்கள்' என்று குறித்த மக்களில் 61.6. ஒரே நகரம், ஒரே மாதங்கள், ஒரே காற்று. ஆனால் ஒரு தெருவில் செத்ததைப்போல ஏழு மடங்குக்கும் மேல் இன்னொரு தெருவில் செத்திருக்கிறார்கள்.

இதற்கு ரத்தத்திலோ உடல்வாகிலோ காரணம் தேட வேண்டியதில்லை. அன்றைய மருத்துவத்தை நினைத்துப் பார்த்தால் போதும். மனிதரைத் தாக்கும் இன்ஃப்ளூயன்சா வைரஸ் 1933-ல்தான் பிடிபட்டது. 1918-ல் மருத்துவர்கள் பலரும் ஒரு பாக்டீரியாவைக் குற்றவாளியாக நினைத்துத் துரத்திக்கொண்டிருந்தார்கள். பெனிசிலின் கண்டுபிடிக்கப்படவே இன்னும் 10 ஆண்டுகள் இருந்தன. காய்ச்சலுக்குப் பின்னால் வந்து நுரையீரலில் தங்கிய கிருமிகளைக் கொல்ல வைஸ்ராயின் மருத்துவரிடமும் மருந்து இல்லை. எஞ்சியிருந்த வைத்தியம் நான்குதான்: படுக்கை, கஞ்சி, வெந்நீர், பக்கத்தில் ஓர் ஆள். இந்த நான்கும் யாரிடம் இருந்தன என்பதுதான் கேள்வி.

மலபார் ஹில் பங்களாவில் நோயாளிக்குத் தனி அறை உண்டு, சமையலுக்கு ஆள் உண்டு, மருத்துவர் வீடு தேடி வருவார். மில் பகுதியின் 'சால்' குடியிருப்புகளில் ஓர் அறைக்குள் ஒரு குடும்பம், சில நேரம் இரண்டு குடும்பம். எல்லோரும் ஒன்றாகப் படுத்துவிட்டால் அடுப்பு மூட்ட ஆள் கிடையாது. எழுந்து வேலைக்குப் போனால்தான் கூலி. ஆகவே காய்ச்சல் விடும் முன்பே எழுந்து போனார்கள்.

அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்திருந்தது. முதல் உலகப் போர் விலைவாசியை ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்தது. செப்டம்பரில் சென்னையில் தானியக் கடைகளை மக்கள் சூறையாடினார்கள். அரிசி விலை அவர்களை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. பசித்துக் கிடந்த உடம்புக்குள்தான் காய்ச்சல் நுழைந்தது. மருத்துவர்களில் பலர் போர்முனையில் இருந்தார்கள். அரசு கைவிரித்த இடத்தில் சோஷியல் சர்வீஸ் லீக் போன்ற தொண்டு அமைப்புகளும், சாதி, சமூகச் சங்கங்களும் இறங்கின. சங்கம் வைத்திருந்த சமூகம் தன் ஆட்களைத் தேடிப் போய்ப் பார்த்தது. சங்கம் கட்ட வசதியில்லாத சமூகத்துக்குக் கதவைத் தட்ட ஆள் குறைவு.

20 முதல் 40 வரை

சாதாரண ஃப்ளூ குழந்தைகளையும் கிழவர்களையும் கொல்லும். 1918-ன் இரண்டாம் அலை, உழைக்கும் வயதில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்தது. 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் இருந்தவர்களின் சாவு உலகம் முழுவதும் எகிறியது. உடலின் எதிர்ப்புச் சக்தி கட்டுமீறிச் சீறி நுரையீரலையே சிதைத்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். பழைய காலத்தில் இதே சாயலுள்ள வைரஸ் ஒன்றைச் சந்தித்த அனுபவம் வயதானவர்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்பது இன்னொன்று. விளக்கம் எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். சம்பாதிப்பவரும் சமைப்பவரும் போய்விட, வீட்டில் தாத்தா பாட்டியும் பேரன் பேத்தியும் மிஞ்சினார்கள்.

இந்தியாவில் அந்த வயதுப் பெண்களின் நிலை இன்னும் மோசம். வீட்டில் யார் படுத்தாலும் தலைமாட்டில் உட்கார வேண்டியவள் அவள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மீதியைச் சாப்பிடுபவளும் அவள். அவள் படுத்தால் தலைமாட்டில் உட்கார யாரும் இல்லை. பம்பாயிலும் பிற பகுதிகளிலும் பெண்களின் இறப்பு விகிதம் ஆண்களைவிட அதிகமாக இருந்தது. ஆயிரம் ஆண்களுக்கு 964 என்றிருந்த பெண்கள் எண்ணிக்கை 1921 கணக்கெடுப்பில் 955 ஆனது. அந்தச் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்றாலும், காய்ச்சலும் தன் பங்கைச் செலுத்தியது.

கர்ப்பிணிகளுக்கு நேர்ந்ததை அமெரிக்காவில் ஜான் ஹாரிஸ் என்ற மருத்துவர் 1919-ல் திரட்டினார். காய்ச்சல் கண்ட 1,350 கர்ப்பிணிகளில் நான்கில் ஒருவருக்கும் மேல் இறந்திருந்தார்கள். நிமோனியா வந்தவர்களில் பாதிக்கும் மேல். தாயோடு பிழைத்த குழந்தைகளின் கதையும் அங்கே முடியவில்லை. அந்த மாதங்களில் கருவில் இருந்தவர்கள், நாற்பது வயதை எட்டிய பிறகும் படிப்பிலும் வருமானத்திலும் முன்பின் பிறந்தவர்களைவிடப் பின்தங்கியிருந்ததை, 1960 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் பொருளியலாளர் டக்ளஸ் ஆல்மண்ட் காட்டினார். பிறப்பதற்கு முன்பே சிலருக்கு நோய் தன் கணக்கை எழுதி வைத்துவிட்டது.

கடல் தாண்டிய தமிழர்களும் தப்பவில்லை. இலங்கைக்குள் கொழும்புத் துறைமுகம் வழியாகவும், தமிழகத் தொழிலாளர்கள் வந்து இறங்கும் தலைமன்னார் வழியாகவும் காய்ச்சல் நுழைந்தது. மலையகத் தேயிலைத் தோட்டங்களின் லயங்களிலும், மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலும் தமிழ்க் கூலிகள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். சுவருக்குச் சுவர் ஒட்டிய அறைகளில் ஒதுங்கிப் படுக்க எங்கே இடம்?

பிழைத்தவர்களின் மனம்

சுகாதார ஆணையரின் அறிக்கையில் மாகாண வாரியாகச் சாவுக் கணக்கு உண்டு. பிழைத்தவர் மனதில் என்ன நடந்தது என்பதை அறிய வேறு இடங்களில்தான் தேட வேண்டும்.

இந்திக் கவிஞர் சூர்யகாந்த் திரிபாதி நிராலா அப்போது இருபதுகளைத் தொட்ட இளைஞர். வங்காளத்தில் இருந்தவருக்கு மனைவியின் உடல்நிலை பற்றித் தந்தி வந்தது. கங்கைக் கரையில் இருந்த டல்மவ் ஊருக்கு அவர் வந்து சேர்வதற்குள் மனைவி இறந்துவிட்டார். தொடர்ந்து உறவினர்கள் வரிசையாகப் போனார்கள். கங்கை பிணங்களால் நிறைந்திருந்த காட்சியை 'குல்லி பாட்' நூலில் அவர் பதிவு செய்திருக்கிறார். கண்மூடித் திறப்பதற்குள் குடும்பம் காணாமல்போன அந்த அதிர்ச்சி அவரை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தது.

இன்னொரு வீடு காந்தியுடையது. வயிற்றுப்போக்கால் படுக்கையில் கிடந்து அவர் மீண்டுகொண்டிருந்த காலத்தில், மூத்த மகன் ஹரிலாலின் மனைவி குலாபும், அவர்களுடைய சின்னஞ்சிறு மகன் சாந்தியும் காய்ச்சலில் இறந்தார்கள். மற்றப் பிள்ளைகளைக் கஸ்தூர்பாவும் உறவினர்களும் வளர்த்தார்கள். தந்தையோடு முன்பே முரண்பட்டிருந்த ஹரிலாலுக்கு, பிடித்துக்கொள்ள இருந்த ஒரே கை குலாபுடையது. அதுவும் போன பிறகு குடியும் கடனுமாக அவர் வாழ்க்கை சரிந்தது. ஹரிலாலின் வீழ்ச்சிக்கு அப்பாவின் கண்டிப்பையே எல்லோரும் காரணமாகச் சொல்கிறார்கள். 1918-ஐ அந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் குறைவு.

துக்கம் ஒருபுறம் இருக்க, காய்ச்சலே மூளையைத் தொட்டதா என்ற கேள்வியும் எழுந்தது. பாஸ்டன் மனநல மருத்துவமனையில் பணியாற்றிய இளம் மருத்துவர் கார்ல் மென்னிங்கர், காய்ச்சலுக்குப் பின் மனம் பேதலித்து வந்த 100 பேரின் விவரங்களை 1919-ல் வெளியிட்டார். இல்லாத குரல்களைக் கேட்டவர்களும், சுற்றி இருப்பவர்கள் கொல்ல வருகிறார்கள் என்று நம்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். அப்படி வந்தவர்களில் கணிசமானோர் பின்னாளில் தெளிந்துவிட்டதையும் அவர் கவனித்தார். அன்றைய மனநல மருத்துவம் மீளவே முடியாது என்று முத்திரை குத்தியிருந்த நிலையிலிருந்து மனிதர்கள் மீண்டு வந்தார்கள்.

நார்வே பழைய பதிவேடுகளைப் பத்திரமாக வைத்திருந்தது. அவற்றைப் புரட்டிய ஆய்வாளர் ஸ்வென்-எரிக் மாமெலுண்ட், இன்ஃப்ளூயன்சாவைக் காரணமாகக் காட்டி மனநலக் காப்பகங்களில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டவர்களின் எண்ணிக்கை, கொள்ளைநோய்க்குப் பிந்தைய 6 ஆண்டுகளில் சராசரியாக 7.2 மடங்கு உயர்ந்திருந்ததைக் கண்டார். தூக்கமின்மை, சோர்வு, வேலையில் கவனம் நிற்காமை என்று பிழைத்தவர்கள் பலரும் முறையிட்டிருக்கிறார்கள்.

அதே காலத்தில் உலவிய இன்னொரு விசித்திர நோயையும் இங்கே சொல்ல வேண்டும். 1917-ல் வியன்னாவில் கான்ஸ்டன்டின் ஃபான் எகனோமோ விவரித்த தூக்க நோய் அது. நோயாளிகள் வாரக்கணக்கில் உறங்கினார்கள். எழுந்தவர்களில் பலர் பின்னர் சிலையாகச் சமைந்தார்கள். அப்படி நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் பல்லாண்டுகள் கிடந்தவர்களைத்தான் 1969-ல் ஆலிவர் சாக்ஸ் எல்-டோபா மருந்து கொடுத்து எழுப்பினார். இந்த நோய்க்கும் 1918 காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டு என்று பலர் சந்தேகித்தார்கள். இன்றுவரை அது நிரூபிக்கப்படவில்லை.

நார்வேயின் மனக்காயம் நமக்குத் தெரிகிறது, ஏனென்றால் அங்கே யாரோ எழுதி வைத்தார்கள். சால் அறையிலும் லயத்திலும் மனைவியைப் பறிகொடுத்தவர் காப்பகத்துக்குப் போகவில்லை. மறுநாள் மில்லுக்கோ மலைக்கோ போனார். ஆயிரத்துக்கு 61.6 பேர் செத்த தெருவில் பிழைத்தவர்களின் மனநிலை பற்றி ஒரு பட்டியலும் நம் கையில் இல்லை. அதிகம் இழந்தவர்களைப் பற்றித்தான் குறைவாக அறிகிறோம்.

நூறாண்டுக்குப் பின் கொரோனா வந்தபோது இந்த ஒரு விஷயத்தில் உலகம் சற்று விழித்துக்கொண்டது. முதல் ஆண்டிலேயே பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவிகிதம் கூடியதாகவும், பெண்களும் இளைஞர்களும் அதிகம் பாதிக்கப்பட்டதாகவும் உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் அறிவித்தது. கண்கூடாக நடந்ததை எண்ணிச் சொன்னதால்தான் அதைப் பற்றி அரசுகளிடம் கேள்வி கேட்க முடிகிறது. 1918-ல் பம்பாயின் குமாஸ்தாக்கள் சமூக வாரியாகக் கட்டம் போட்டு எழுதியிராவிட்டால், சாவு எல்லோருக்கும் சமம் என்ற பொய்யை இன்றும் நாம் சொல்லிக்கொண்டிருப்போம்.

பம்பாயில் சாவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை வறுமையும் சாதியும் முடிவு செய்தன. அதே ஆண்டு நவம்பரில், பசிபிக் கடலின் ஒரு தீவுக்கூட்டத்தில் இரண்டு அதிகாரிகள் எடுத்த இரண்டு முடிவுகள் அதை நிர்ணயித்தன. ஆக்லாந்திலிருந்து புறப்பட்ட 'தலூன்' என்ற கப்பல் நவம்பர் 7-ல் மேற்கு சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தில் தடையின்றி நங்கூரம் பாய்ச்சியது. அங்கே ஐந்தில் ஒருவருக்கும் மேல் இறந்தார்கள். பக்கத்திலேயே இருந்த அமெரிக்க சமோவா, வரும் கப்பல்களை மறித்தது. அங்கே ஒருவர்கூடச் சாகவில்லை. ஒரு தீவு எப்படித் தப்பியது, மற்றொன்று ஏன் மாண்டது, அந்தச் சாவு எப்படி ஒரு விடுதலை இயக்கத்துக்கு உரமானது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)