ஒரே துணியில் ஒரு குடும்பம்



தோட்டத்து லயன் வீடுகளின் முன்னறையில், சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு குடும்பப் படம் தொங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். அப்பா நாற்காலியில் அமர்ந்திருப்பார். அம்மா அருகில் நிற்பார். பிள்ளைகள் உயர வரிசையில் நிற்பார்கள். உற்றுப் பார்த்தால் மகனின் சட்டை, மகளின் கவுன், கைக்குழந்தையின் சட்டை எல்லாம் ஒரே பூப்போட்ட துணியாக இருக்கும். சரித்திரப் பாடத்துக்காக ஒருமுறை நம் பள்ளிப் பிள்ளைகளிடம், வீட்டிலுள்ள பழைய படங்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பாதிக்குமேல் இப்படித்தான் இருந்தன. படத்துக்கென்று உடுத்துவதற்கும் ஒரு சரித்திரம் உண்டு என்று அன்றுதான் நமக்குப் பட்டது.

பிரான்சு நாட்டு டாகரின் படமெடுக்கும் முறை 1839-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இந்தக் கலை நம் பக்கம் வர அதிக காலம் ஆகவில்லை. லேம்பர்ட் என்ற ஜெர்மானியர் 1867-இல் சிங்கப்பூரில் தம் படநிலையத்தைத் தொடங்கினார். துறைமுகம், தெரு, பல இனத்து மக்கள் என்று அந்நிலையத்தார் எடுத்த படங்களை வெள்ளைக்காரர்கள் விலை கொடுத்து வாங்கினார்கள். அக்காலத்தில் விற்பனைக்கென எடுக்கப்பட்ட இத்தகைய படங்களில் நம்மவரும் இருக்கிறார்கள். ஆனால் பெயர் இல்லை. இடுப்பில் வேட்டி, தலையில் முண்டாசு என்று வேலைக்கு வந்த கோலத்திலேயே நிற்கிறார்கள். எதை உடுத்திக்கொண்டு நிற்பது என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததாகத் தோன்றவில்லை. அந்த உரிமை, நம்மவர் தம் காசைக் கொடுத்துப் பட்டணத்து ஸ்டூடியோவின் படியேறிய நாளில்தான் வந்தது.

வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள்: "ஏன் சார், கல்யாணத்துக்குப் போய் எங்க பாட்டி கறுப்புச் சேலை கட்டியிருக்காங்க?" நல்ல கேள்வி. பாட்டி கட்டியிருந்தது கறுப்பு அல்ல, அரக்குச் சிவப்பு. பழைய படத் தகடுகளுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. சிவப்பைக் கறுப்பாகவும், நீலத்தை வெளிறிப்போன வெள்ளையாகவும் அவை காட்டும். நெற்றியில் வைத்த குங்குமமும் கறுப்புப் பொட்டாகவே விழும். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906-இல் விற்பனைக்கு வந்தபோதிலும், படக்காரர்கள் பழையதை உடனே விட்டுவிடவில்லை. பழைய தகட்டை இருட்டறையில் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தே கழுவலாம். புதியதற்கு அந்த வசதி இல்லை. ஆகவே பழைய படத்தில் கறுப்பாகத் தெரியும் சேலையைக் கண்டு துக்க உடை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

ஒரே துணிக்கு வருவோம். தீபாவளிக்கு முன்பணம் கிடைத்ததும், பட்டணத்துக் கடையிலோ, சம்பளத்தன்று துணிமூட்டையோடு தோட்டத்துக்கு வரும் வியாபாரியிடமோ ஒரே பீஸாகத் துணி எடுப்பார்கள். பல துணிகளில் துண்டு துண்டாக எடுப்பதைவிட இது மலிவு. பெரியவனுக்கு வெட்டியதுபோக மிஞ்சிய துண்டில் சின்னவளுக்கு ஒரு பாவாடை தேறும். அதிலும் மிஞ்சினால் அம்மாவுக்கு ஒரு ரவிக்கை. அவனுக்கு நல்லது, எனக்கு மட்டமானது என்று பிள்ளைகள் சண்டை போடவும் வழியில்லை. ஆனால் மறு வருடம் அண்ணனின் சட்டை தம்பிக்கு வரும். அதற்கடுத்த வருடம் அவனுக்கும் இளையவனுக்கு வரும். மூன்றாவது பிள்ளைக்கு அந்தப் பூவைக் கண்டாலே அலுத்துப்போகும். நாமும் மூன்றாவது பிள்ளைதான்.

புதுத் துணி கசங்குவதற்குள் படம் எடுத்துவிட வேண்டும். அப்பாவுக்குக் கோட்டு இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. ஸ்டூடியோவிலேயே ஒரு கோட்டு மாட்டியிருக்கும். நேற்று இன்னொருவர் போட்டது, நாளை வேறொருவர் போடப்போவது. அம்மாவின் கழுத்துச் சங்கிலி பக்கத்து வீட்டு அக்காளுடையதாக இருக்கலாம். படத்தின் ஒரு பிரதி தமிழ்நாட்டில் பிறந்த ஊருக்குத் தபாலில் போகும். நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று அந்தக் கோட்டும் சங்கிலியும் அங்கே சாட்சி சொல்லும். கடைக் கடன் படத்தில் தெரியாது. சரித்திரம் படிப்பவர் இதையும் நினைவில் வைக்க வேண்டும். இருந்தாலும் அதைப் பொய் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்தனர். துணி கிடைக்காமல் கோணிச் சாக்கை வெட்டித் தைத்து உடுத்திய காலம் அது. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 1942, 1943-ஆம் ஆண்டுகளில் போடப்பட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் கொண்டுபோகப்பட்டனர். மிகப் பலர் திரும்பவில்லை. பிள்ளைகள் கொண்டுவந்த படங்களில் ஒன்று, போர் முடிந்த சில வருடங்களில் எடுத்தது. ஆறு பிள்ளைகள், ஆறு பேருக்கும் ஒரே கட்டம் போட்ட துணி. ஓரத்தில் நிற்கும் பையன் மட்டும் சாயலில் வேறாக இருந்தான். விசாரித்தபோது, அவன் அடுத்த வீட்டுப் பிள்ளை என்றும், தகப்பன் சயாமிலும் தாய் காய்ச்சலிலும் போன பின் இந்த வீட்டிலேயே வளர்ந்தான் என்றும் சொன்னார்கள். வளர்ப்புப் பிள்ளை என்று எழுதிவைத்த காகிதம் எதுவும் அந்த வீட்டில் இல்லை. இருந்தது அந்தப் படம் ஒன்றே. துணி அரிதாகக் கிடைத்த அந்நாளில், ஐந்து பேருக்கு எடுத்திருந்தால் செலவு மிஞ்சியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

1948-இல் அவசரகாலம் வந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் அனைவருக்கும் படம் ஒட்டி, கைநாட்டு வைத்த அடையாளக் கார்டு கட்டாயமாயிற்று. எத்தனையோ தோட்டத்துப் பெண்களுக்கு அதுதான் முதல் படம். அங்கே குடும்பம் இல்லை, துணியும் தெரியாது, முகம் மட்டுமே.

பிறகு 1969. பிரஜாவுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றானது. நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவர்களும் கப்பலேறினார்கள். 1926 முதல் ஓடிக்கொண்டிருந்த ரஜூலா கப்பலில் அவர்களில் பலர் போனார்கள். கணவன் அங்கே, பிள்ளை இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. புறப்படுவதற்கு முன் ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்த படங்களும் பிள்ளைகள் கொண்டுவந்ததில் இருந்தன. அவற்றில் ஒன்றில் தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் தூய வெள்ளை. யார் சொல்லி அப்படி உடுத்தினார்கள் என்று அந்த வீட்டாருக்கே நினைவில்லை.

வண்ணப்படம் பரவிய பின் ஒரே பீஸ் வழக்கம் மெல்லக் குறைந்தது. ஆளுக்கொரு நிறம் கேட்கத் தொடங்கினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடு மாறியபோது, பழைய சட்டங்கள் பல ஈரத்தில் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போயின. உங்கள் வீட்டில் ஒன்று மிஞ்சியிருந்தால், மெதுவாகச் சட்டத்தைக் கழற்றிப் பின்புறம் பாருங்கள். ஸ்டூடியோவின் முத்திரையும் சில வேளைகளில் தேதியும் இருக்கும். அதன் கீழே, நிற்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக, வீட்டுப் பெரியவரைக் கேட்டுப் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முகத்தின் பக்கம் வந்துவிடும்.