மஞ்சளாக மாறிய ஆறு

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

கிளினிக்குக்குப் போகும் கர்ப்பிணித் தாய்மாரிடம் எடுக்கும் இரத்தத்தில் எச்.ஐ.வி.யும் பார்க்கிறார்கள். இதைக் கேள்விப்பட்டதும் "எங்கட குடும்பத்தப் பத்தி என்ன நினைச்சாங்க?" என்று கோபப்படுகிறவர்கள் எங்களுக்குள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கோபத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் சொல்ல வருகிறோம்.

1981இல் அமெரிக்காவில் எயிட்ஸ் அடையாளம் காணப்பட்டபோது இந்தியாவில் பலரும் சொன்னது, "அது மேற்கத்தைய ஒழுக்கக்கேட்டின் நோய், எங்கள் கலாசாரத்துக்குள் வராது" என்பதைத்தான். சில இடங்களில் சோதித்தும் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டொக்டர் சுனிதி சொலமன் மட்டும் அதை நம்பவில்லை. தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், பட்ட மேற்படிப்பு ஆய்வுக்கு இதையே எடுக்கச் சொன்னார். நிர்மலாவுக்கு அப்போது 32 வயது. சிறிய ஊரொன்றில் பிறந்து வளர்ந்தவர், சின்னப் பிள்ளைகள் உள்ள தாய். முதலில் தயங்கினார். செய்து பார் என்று ஊக்கம் கொடுத்தது கணவர் வீரப்பன் ராமமூர்த்தி.

பாலியல் தொழிலில் பிடிபட்டு அரச காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் நிர்மலா போனார். மூன்று மாதங்களில் 80க்கு மேற்பட்ட மாதிரிகள் எடுத்தார். கையுறை கூட இல்லை. எடுத்த மாதிரிகளை வைக்க வசதியான இடமும் இல்லாததால் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார்! எதற்காக இரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களுக்கு அவர் சொல்லவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. வேறு பாலியல் நோய்களுக்கான சோதனை என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். இன்றைக்கு எந்த ஆய்வுக் குழுவும் இதற்கு அனுமதி தராது. தரவும் கூடாது.

1986 பெப்ரவரியில் கணவனும் மனைவியும் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடிக்குப் போய், அங்கிருந்து ஓட்டோவில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள். எலைசா பரிசோதனை வசதி அங்கேதான் இருந்தது. வைரஸ் நிபுணர் ஜேக்கப் ஜோனின் ஆய்வுகூடத்தில் காலையில் வேலை தொடங்கியது. மத்தியானம் கரண்ட் போய்விட்டது, எல்லோரும் தேநீர் குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து மூடியைத் திறந்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறியிருந்தன. யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்த ஆறு பேரிடமும் மறுபடி இரத்தம் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அதே முடிவு. மே மாதம் தமிழ்நாட்டின் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டசபையில் அறிவித்தார். முடிவு தவறாக இருக்கும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

நிர்மலா 1987இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு கிண்டி கிங் நிலையத்தில் தடுப்பூசி தயாரிக்கும் வேலைக்குப் போய்விட்டார். அவர் பெயர் நீண்ட காலம் வெளியே பேசப்படவே இல்லை. எங்களுக்கு இதுதான் பெரிய ஆதங்கம். சுனிதி சொலமன் அந்த நோயாளர்களோடேயே நின்றார். 1993இல் தன் தந்தையின் பெயரால் வை.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கி, பரிசோதனை, ஆலோசனை, சிகிச்சை மூன்றையும் ஒரே இடத்தில் கொடுத்தார். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குள்ளேயே மாப்பிள்ளை, பெண் பார்த்துக் கலியாணமும் செய்து வைத்தார். 2015இல் காலமானார், 2017இல் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது. சந்தேகப்பட்டவர்களை மட்டும் தேடிப்பிடித்துச் சோதித்திருந்தால் இது நடந்திருக்காது. கிளினிக்குக்கு வரும் எல்லாத் தாய்மாரிடமும் எடுப்பதால்தான் யாரையும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. தாய்க்குத் தொற்று இருந்தாலும் நேரத்தோடு மருந்து தொடங்கினால் பிள்ளையைக் காப்பாற்றலாம்.

ஆனால் அதே நாட்டில் 2016இல் குளியாப்பிட்டிப் பக்கம் நடந்ததும் நினைவிருக்கும். தகப்பன் எயிட்ஸால் இறந்தார் என்ற கதை பரவி, ஒரு சின்னப் பையனுக்குப் பாடசாலைகள் இடம் கொடுக்கவில்லை. சேர்த்த பாடசாலையிலும் மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பையனுக்கு எச்.ஐ.வி. இல்லவே இல்லை. இருந்திருந்தாலும் ஒரே வாங்கில் இருந்து படிப்பதால், ஒரே குழாயில் தண்ணீர் குடிப்பதால் யாருக்கும் தொற்றாது. 1990இல் உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டு, "அகதிப் பிள்ளை" என்ற பெயரோடு புத்தளத்தில் பாடசாலை வாசலில் நின்ற தலைமுறை நாங்கள். அந்தப் பையனின் தாய் எந்த முகத்தோடு வீட்டுக்குத் திரும்பியிருப்பார் என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. எச்.ஐ.வி. உள்ள பிள்ளைக்கும் கல்வி உரிமை உண்டு என்று 2018 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. பையன் அதற்கு முன்பே கண்டியில் ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டான்.

அரச வைத்தியசாலைகளின் பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் இந்தப் பரிசோதனை இலவசம், விபரம் வெளியே போகாது. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்கும், கலியாணம் பேசும் வீடுகளுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.