மாட்டுப் பவுண்டும் கார்ப் பவுண்டும்

எங்க ஊர்ல பஞ்சாயத்து ஆபீசுக்குப் பின்னாடி மார்பளவு கல்சுவரோட ஒரு அடைப்பு இருந்தது. பவுண்டுன்னு சொல்வாங்க. அடுத்தவங்க வெள்ளாமையில மேய்ஞ்ச மாட்டைப் பிடிச்சுட்டு வந்து அதுல அடைச்சுடுவாங்க. மாட்டுக்காரர் அபராதம் கட்டி மீட்டுக்கிட்டுப் போகணும். நான் மூணாவதோ நாலாவதோ படிக்கும்போது எங்க தாத்தாவோட செவலைப் பசு அப்படி மாட்டிக்கிச்சு. தாத்தா என்னையும் கூட்டிக்கிட்டுப் போனார். "தீனிக் காசு ரெண்டு நாளைக்குப் போட்டிருக்கியே, மாடு வந்ததே நேத்து சாயங்காலம்தானேய்யா"ன்னு பவுண்டுக்காரரோட மல்லுக்கட்டி, அவரோட நோட்டைப் பிரிக்கச் சொல்லி, அதுல எழுதியிருந்த நேரத்தைக் காட்டி ஒரு நாள் காசைக் குறைச்சுட்டுத்தான் பசுவை அவிழ்த்தார்.

இதை ஏன் சொல்றேன்னா, பல வருஷம் கழிச்சு அமெரிக்காவுல ஒரு ஊர்ல எனக்கும் அதே கதைதான் நடந்தது. என்ன, இந்தத் தடவை மாட்டினது பசு இல்லை, பழைய டொயோட்டா. கடைவாசல் ஒன்றில் காரை நிறுத்திவிட்டு எதிர்த்த ஓட்டலில் சாப்பிடப் போனோம். கடை பூட்டியிருந்தது, பத்து வண்டி நிற்கிற இடத்துல ஒரே ஒரு வண்டி, யாருக்கு என்ன தொந்தரவுன்னு நினைச்சேன். திரும்பி வந்து பார்த்தா கார் இல்லை. திருட்டுன்னு நினைச்சு போலீசுக்கு போன் போட்டா, அந்தம்மா ரொம்ப நிதானமா "டோ கம்பெனிக்குப் பேசுங்க"ன்னு ஒரு நம்பர் கொடுத்தாங்க. டாக்சி பிடிச்சு ஊருக்கு வெளியே போனோம். முள்கம்பி வேலி, ஒரு நாய், கண்ணாடிக்குப் பின்னாடி ஒருத்தர். ரொக்கம் மட்டும்தான். இழுத்த கூலி தனி, நிறுத்தி வைத்த வாடகை தனி. வாடகை ரெண்டு நாளைக்கு! மணி பன்னிரண்டைத் தாண்டி பத்து நிமிஷம் ஆச்சாம், அதனால அடுத்த நாள் கணக்கு. தாத்தா மாதிரி வாயைத் திறந்தேன். "காலையில வாங்க, அப்பப் பேசிக்கலாம்"னு ஜன்னலை மூடப் போனார். கட்டிட்டு வந்துட்டேன்.

தாத்தாவால ஜெயிக்க முடிஞ்சது, என்னால ஏன் முடியலைங்கிற கேள்வி ரொம்ப நாளா மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருந்தது. தேடிப் படிச்சதுல கிடைச்ச சமாச்சாரம்தான் இது.

டோ டிரக் பிறந்ததே உதவி செய்யத்தான். 1916-ல் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து சட்டனூகா ஊரில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற கராஜ்காரர், ஓடைக்குள் கவிழ்ந்த நண்பரின் காரைத் தூக்க ஆள் பலத்தோடு கயிறும் கட்டையும் வைத்து நாள் முழுக்கப் படாத பாடு பட்டார். அந்த எரிச்சலில் ஒரு பழைய காடிலாக் காரின் முதுகில் கம்பங்களும் சங்கிலியும் கப்பியும் பொருத்தி ஒரு வண்டி செய்தார். இன்றைக்கு அந்த ஊரில் இதற்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. கூப்பிட்டவனுக்காக வந்த வண்டி, கூப்பிடாதவன் காரைத் தூக்க ஆரம்பித்தது நகரங்களில் இடம் நெருக்கடியான பிறகுதான்.

ஆனால் 'என் இடத்துக்குள்ள வந்ததைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, காசு கொடுத்தாத்தான் விடுவேன்' என்கிற உரிமை காரைவிட ரொம்பப் பழசு. இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டத்தில், நிலத்தில் புகுந்து சேதம் செய்த கால்நடையை, நஷ்டஈடு வரும்வரை நிலக்காரர் பிடித்து வைக்கலாம். அதே யோசனையை வெள்ளைக்காரன் இங்கே கொண்டு வந்து எழுதி வைத்ததுதான் 1871-ம் வருஷத்து கால்நடை அத்துமீறல் சட்டம். எங்க தாத்தா பசுவை அடைத்தது அந்தச் சட்டத்தில்தான்.

அந்தச் சட்டத்தை உட்கார்ந்து படிச்சா ஆச்சரியமா இருக்கு. அபராதப் பட்டியல் யானையில ஆரம்பிக்குது. யானைக்கு 2 ரூபாய், எருமைக்கும் ஒட்டகத்துக்கும் 8 அணா, பசுவுக்கும் குதிரைக்கும் 4 அணா, ஆட்டுக்கு ஒரு அணா. (யானையைப் பிடிச்சு பவுண்டுல அடைச்ச மகராசன் யாருன்னு தெரிஞ்சா தேவலை.) வேடிக்கையை விடுங்க, மற்ற விதிகளைப் பாருங்க. பிடிச்ச மாட்டை 24 மணி நேரத்துக்குள்ள பவுண்டுக்கு அனுப்பிடணும், வீட்டுல கட்டிப்போட்டு பேரம் பேசக் கூடாது. பவுண்டுக்காரர் மாட்டோட அடையாளம், வந்த நாள், வந்த மணி, பிடிச்சவர் பேர் எல்லாம் பதிவேட்டில் எழுதணும். அபராதமும் தீனிக் கட்டணமும் எவ்வளவுன்னு பவுண்டுக்குப் பக்கத்துல எல்லார் கண்ணுலயும் படற மாதிரி ஒட்டி வைக்கணும். ரேட்டை நிர்ணயிப்பது சர்க்கார், பவுண்டுக்காரர் இல்லை. யாரும் வராமல் ஏலம் போட்டால், செலவு போக மிச்சக் காசு மாட்டுக்காரருக்கு. அந்த ஏலத்தில் போலீஸ்காரரோ பவுண்டுக்காரரோ நேரடியாகவும் சரி, பினாமியாகவும் சரி, மாட்டை வாங்கவே கூடாது. அநியாயமாகப் பிடித்திருந்தால் பத்து நாளைக்குள் மாஜிஸ்திரேட்டிடம் புகார் செய்து நஷ்டஈடு கேட்கலாம்.

இதை நல்ல சட்டம்னு தூக்கிப் பிடிக்கலை. காட்டுக்குள்ள மேய்ஞ்ச மாட்டுக்கும் வனத்துறை இதையே நீட்டி மலையடிவார ஜனங்களைப் படுத்தின கதை தனி. மடக்கின மாட்டைப் பலவந்தமா மீட்டா ஆறு மாசம் வரை ஜெயில்னு வேற இருந்தது. ஆனா சட்டம் எழுதினவனுக்கு ஒரு விஷயம் தெளிவா தெரிஞ்சிருக்கு: பிடிக்கிறவன், அடைச்சு வைக்கிறவன், விலை சொல்றவன், காசை எடுத்துக்கிறவன் எல்லாம் ஒரே ஆளா இருக்கக் கூடாது. தாத்தாவுக்குக் கை கொடுத்தது அந்தப் பதிவேட்டு 'மணி'தான்.

என்னைப் பிடித்த ஆள் அந்த நாலு வேலையையும் ஒருத்தராகவே செய்தார்.

அமெரிக்காவில் இது எவ்வளவு பழைய எரிச்சல் என்பதற்கு சிகாகோவே சாட்சி. அங்கே லிங்கன் டோயிங் என்ற தனியார் கம்பெனி மேல் ஜனங்களுக்கு இருந்த கோபத்தில், ஸ்டீவ் குட்மன் என்ற உள்ளூர் பாடகர் 1972-ல் 'லிங்கன் பார்க் பைரட்ஸ்' என்று ஒரு பாட்டே போட்டார். கடற்கொள்ளைக்காரர்கள் பாடுகிற மெட்டில் டோ டிரக்காரர்கள் பாடுவதாக வரும். இல்லினாய் மாநில வணிக ஆணையம் அந்தக் கம்பெனியின் லைசென்சை ரத்து செய்ய உத்தரவு போட்டது 2018 செப்டம்பரில். பாட்டு வந்து 46 வருஷம் கழித்து! கம்பெனி உடனே கோர்ட்டுக்குப் போனது.

நடுவில் இன்னொரு கூத்து. 1994-ல் அமெரிக்க காங்கிரஸ் லாரித் தொழிலை சுதந்திரமாக விடணும்னு ஒரு சட்டம் போட்டது. சரக்கு ஏற்றுகிற வண்டிகளின் கட்டணம், பாதை, சேவை இதிலெல்லாம் மாநிலமோ நகராட்சியோ தலையிடக் கூடாது. டோ டிரக்கும் சரக்கு வண்டிதானே, காரும் சரக்குதானேன்னு வக்கீல்கள் கிளம்பிட்டாங்க. ஊருக்கு ஊர் இருந்த டோயிங் விதிகள் கோர்ட்டில் ஆட்டம் காண ஆரம்பித்தன. அடுத்த வருஷமே, உரிமையாளர் சம்மதம் இல்லாமல் தூக்குகிற வண்டிக்கு மட்டும் ரேட் வைக்கலாம் என்று காங்கிரஸ் திருத்தியது. பாதுகாப்பு விதிகளை நகராட்சிகளும் போடலாம் என்பது உறுதியானது 2002-ல், ஒஹாயோவின் கொலம்பஸ் நகர வழக்கில், சுப்ரீம் கோர்ட்டில்.

அதே 1994 சட்டத்தை வைத்து 2013-ல் முடிந்த இன்னொரு வழக்குதான் என்னை ரொம்பப் பாதித்தது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து அபார்ட்மெண்ட் ஒன்று. பனி கொட்டினால் தள்ளி எடுக்க வசதியாக எல்லாரும் காரை நகர்த்தணும். 2007 பிப்ரவரியில் ஒருத்தர் மட்டும் நகர்த்தவில்லை, ஏன்னா அவர் படுத்த படுக்கை. காரைத் தூக்கிட்டாங்க. அவருக்கு அதுவே தெரியாது. ஆஸ்பத்திரியில் கால் பாதத்தை எடுத்துட்டாங்க, அங்கேயே மாரடைப்பும் வந்தது. கம்பெனி போட்ட கடிதம், ஆள் வீடு மாறிவிட்டார் என்று தபால் நிலையத்திலிருந்து திரும்பிப் போனது. வீடு வந்த பிறகுதான் கார் ஏலத்துக்குப் போவது தெரிந்தது. அவருடைய வக்கீல், பணம் கட்டி எடுத்துக்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. ஏலத்தில் யாரும் கேட்காத காரை வேறொருவரிடம் கைமாற்றிவிட்டார்கள். இவருக்கு ஒரு காசு வரவில்லை. கேட்டால், 1994 சட்டப்படி மாநிலச் சட்டம் எங்களைத் தொடாது என்றது கம்பெனி. ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அதை நிராகரித்தார்கள். இழுத்து முடித்த பிறகு காரை விற்பது போக்குவரத்துச் சேவை ஆகாது என்று தீர்ப்பு எழுதியவர் ஜின்ஸ்பர்க் அம்மா. கார் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. 1871 சட்டத்தில் மாட்டை விற்ற மிச்சக் காசை உரியவரிடம் கொடுக்கச் சொன்னதை ஒருதரம் நினைச்சுப் பாருங்க.

சரி, இந்தச் சட்டத்தை நமக்கு ஏற்றுமதி செய்த இங்கிலாந்துக்காரன் தன் ஊரில் என்ன செய்தான்? அங்கே இழுத்துக்கொண்டு போவதைவிட சக்கரத்தில் பூட்டுப் போடுவதுதான் பிரபலம். அந்தப் பூட்டு அமெரிக்க டென்வர் நகரத்துச் சரக்கு. கண்டுபிடித்தவர் ஃப்ராங்க் மாரக், டென்வர் சிம்பனியில் வயலின் வாசித்தவர். (வயலின்காரர் கையில இப்படி ஒரு வில்லங்கம்!) டென்வர் போலீஸ் 1955-ல் அதை மாட்ட ஆரம்பித்தது, லண்டனுக்கு 1983-ல் வந்தது. போலீஸைப் பார்த்துத் தனியாரும் காலி மனைகளில் பூட்டோடு காத்திருக்க ஆரம்பித்தார்கள்.

ஸ்காட்லாந்தில் 1992-லேயே கதை முடிந்தது. அடுத்தவர் காரைப் பூட்டிக் காசு கேட்பது மிரட்டிப் பணம் பறிப்பது, திருட்டும்கூட என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லைக்கோட்டைத் தாண்டி இங்கிலாந்துக்குள் வந்தால் அதே காரியம் சட்டபூர்வம்! 1990-களின் நடுவில் கார்ன்வாலில் ட்ரூரோ ஊரில், பூட்டு மாட்டப்பட்ட ஒருவர் காசு தர மறுத்து, ராத்திரியோடு ராத்திரியாகக் காரையும் பூட்டையும் சேர்த்தே கொண்டு போய்விட்டார். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. மாட்டைப் பிடிக்கிற அந்தப் பழைய உரிமை அங்கே வாதமாக வைக்கப்பட்டது, நீதிமன்றம் ஏற்கவில்லை. பதிலுக்கு, போர்டைப் படித்துவிட்டு நிறுத்தினால் நீங்களே சம்மதித்த மாதிரி என்றது. கட்டணம் நியாயமாக இருக்கணும், காசு கொடுத்ததும் உடனே விடணும் என்றும் சொன்னது. நியாயம் எவ்வளவு என்று யாரும் எண்ணைப் போட்டுச் சொல்லவில்லை.

போர்டைப் பார்க்காதவருக்கு? 1997-ல் கிழக்கு லண்டனில் ஒரு பெண், ஆஸ்பத்திரியில் கவலை தரும் சேதி கேட்டுவிட்டு வரும் வழியில் குமட்டிக்கொண்டு வர, அவசரமாக ஓரங்கட்டி இறங்கி வாந்தி எடுத்தார். சில நிமிஷத்தில் திரும்பினால் சக்கரத்தில் பூட்டு. நூறு பவுண்டுக்கு மேல் கட்டித்தான் மீட்டார். (இங்கே பவுண்டு காசு, பட்டி இல்லை.) போர்டை வேறொரு வண்டி மறைத்திருந்தது, அவர் பார்க்கவேயில்லை, ஆகவே சம்மதமும் இல்லை என்று 2000-ல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. மூணு வருஷம் கோர்ட் படி ஏற எத்தனை பேரால் முடியும்?

இத்தனைக்கும் மாட்டு விஷயத்தில் இங்கிலாந்து எப்பவோ திருந்தியாச்சு. 1971 சட்டப்படி, பிடித்த மாட்டை 48 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கணும்னா போலீசுக்குச் சொல்லியாகணும், விற்றால் சேதமும் செலவும் போக மிச்சம் உரிமையாளருக்கு. அந்த நாட்டில் கார் வைத்திருந்தவனைவிட மாடு வைத்திருந்தவன் பாதுகாப்பாக இருந்தான் என்று சொன்னால் மிகை இல்லை. 2001-ம் வருஷத்துச் சட்டம் ஒன்றில் பூட்டு மாட்டுகிறவர்களுக்கு லைசென்ஸ் கட்டாயமாக்கினார்கள், ரேட்டைத் தொடவில்லை. கடைசியில் 2012 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்ட அதிகாரம் இல்லாமல் தனியார் நிலத்தில் பூட்டு மாட்டுவதும் காரை இழுப்பதும் குற்றம். ஸ்காட்லாந்துக்கு இருபது வருஷம் பின்னால்.

கம்பெனிகள் ஓய்ந்துவிட்டனவா என்றால் அதுவும் இல்லை. கேமராவை மாட்டி வீட்டுக்கு பில் அனுப்ப ஆரம்பித்தார்கள். செம்ஸ்ஃபோர்டில் ரெண்டு மணி நேர இலவச பார்க்கிங்கில் 56 நிமிஷம் கூடுதலாக நின்ற ஒருவருக்கு வந்த 85 பவுண்டு பில் செல்லும் என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. இருந்தாலும் பில்லை வீட்டுல உட்கார்ந்து படிக்கலாம், சண்டை போடலாம். வேலிக்குப் பின்னால் பசு கத்திக்கொண்டிருக்கும்போது பேரம் பேசுவது வேறு.

கலிஃபோர்னியாவில் ஒரு விதி இருக்கு, அங்கே இருக்கிறவங்க ஞாபகம் வெச்சுக்கங்க. தனியார் இடத்தை விட்டு டோ டிரக் வெளியே போறதுக்குள்ள நீங்க வந்துட்டா காரை விட்டாகணும், அதிகபட்சம் வழக்கமான கூலியில் பாதிதான் கேட்கலாம். ஆக, ஓட வேண்டியதுதான்.

போன தடவை ஊருக்குப் போனப்ப பவுண்டைப் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கச் சுவர்தான் மிச்சம். உள்ளே நாலு பைக்கும் யாரோ ஒருத்தரோட அம்பாசடரும் நின்னுக்கிட்டிருந்தது.